புது பிரேக் கத்தும், பயப்படாதே

நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் இப்போது ஒரு திரை வைத்திருக்கிறார்கள். உயரம், எடை, எந்த மாதிரிப் பாதை என்று தட்டினால் எந்த வண்டி வாங்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். போன மாதம் பழைய பாசத்தில் உள்ளே நுழைந்த என்னை அதன்முன் நிறுத்தித் தட்டிப் பார்த்தார்கள். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர்களே, "மலை இறக்கத்துக்குன்னு வாரவங்களுக்கு மட்டும் இது குழப்புது அண்ணாச்சி. நீங்க எப்படிப் பாத்துக் குடுப்பியன்னு எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள்.

பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி தாண்டவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து குறுக்கே நின்றுவிட்டது. அதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது பொய்க்கணக்கு.

தூத்துக்குடியில் மலை கிடையாது. மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான், அதிலேயே பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன், ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன். வேலைக்கு வந்த முதல் மாதமே, ஊரிலிருந்து ஓட்டிவந்த என் சைக்கிளின் ரிம் துருவேறிப் பல்லிளித்தது. கடல் காற்றும் உப்பளமும் சேர்ந்து அடித்தால் இரும்பு பாவம் என்ன செய்யும்? அதனால் கடையில் முதல் நாள் கற்றுத் தந்ததே எண்ணெய்த் துணிதான். பழைய பனியன் துணியை மெஷின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, ஆளுக்கொரு ஆணியில் மாட்டியிருப்போம். வேலை முடிந்ததும் பளபளவென்று எது தெரிந்தாலும் அதன்மேல் ஒரு இழுப்பு. துணி போடாமல் வண்டியை வெளியே விடுகிறவன் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டாமல் அனுப்புகிறவன் என்பார் முதலாளி. முப்பது வருஷம் தாண்டி அந்தத் துணியைப் பிடித்த கை இது. மூளையைக் கேட்காமலே போய்விட்டு வந்துவிடும்.

முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "அப்படியா" என்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் கடையில் ஸ்பானர் கீழே விழாது. வெளிநாட்டு மலைச் சைக்கிள்கள் வரத் தொடங்கியதும் அவர் ஒரு நோட்டுப் போட்டார். மலைக்கு வண்டி கேட்கிற யாரிடமும் மூன்று கேள்வி கேட்டு அதில் எழுத வேண்டும். எங்கே ஓட்டப் போகிறாய்? கடைசியாக எப்போது விழுந்தாய்? கூட யார் வருகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு வால் உண்டு. போகிற இடத்தில் சுவரில் மாட்டிய போன் ஒன்றின் எண்ணையும் வாங்க வேண்டும்.

"பையில கெடக்கிற போனு மலையில செத்துப் போகும் சுப்பையா. செவுத்துல இருக்கிறதுதான் மணி அடிக்கும்" என்பார்.

இது வியாபாரமா, போலீஸ் ஸ்டேஷனா என்று நான் முணுமுணுத்ததுண்டு.

என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, சஸ்பென்ஷன் வேலையும் டிஸ்க் பிரேக் வேலையும் படித்துவரச் செய்ததும் அவர்தான். அங்கே முதல் வகுப்பில் சொன்ன முதல் வாக்கியம், டிஸ்க்கில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் எண்ணெயைக் குடித்துவிடும், அப்புறம் பிரேக் வெறும் அலங்காரம். ஊருக்கு வந்து எல்லோருக்கும் அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டிஸ்க் வண்டிகளைப் பின்னறையில் வைத்தே பாகம் சேர்த்துப் பூட்டுவேன். அந்த அறையில் எண்ணெய்த் துணிக்கு ஆணியே அடிக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

பிரின்ஸி வந்தது சில வருஷத்துக்கு முன்னால். இருபத்தாறு வயது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை. கடற்கரைத் தெருப் பெண். அப்பா லூர்து, சங்கு குளித்தவர், காது ஒன்று கடலோடு போய்விட்டது. அவரும் கூட வந்திருந்தார். அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மோட்டார் பைக்குக்கு இருப்பதுபோல மேலும் கீழும் பிடி போட்டு முன்சக்கரத்தைத் தாங்குகிற பெரிய ஃபோர்க், இருநூறு மில்லிமீட்டர் டிராவல். டிராவல் என்றால், சக்கரம் பாறையில் மோதும்போது ஃபோர்க் எவ்வளவு தூரம் உள்ளே அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் என்கிற அளவு.

நோட்டை எடுத்தேன். எங்கே? கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவில் ஒரு காப்பித் தோட்டம், அங்கே இறக்கப் போட்டி வைக்கிறார்கள். கடைசியாக விழுந்தது? அதே இடத்தில், தோழியின் சின்ன வண்டியை இரவல் வாங்கி ஓட்டி, மூன்றாவது இறக்கத்தில். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கூட யார்? அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற கவிதா. சுவர் போன் எண்ணுக்குத் தோட்டத்து அலுவலகத்தில் கேட்டு மறுநாள் சொன்னாள்.

"அந்தச் சின்ன வண்டிதான் என்னைத் தள்ளிவிட்டுட்டு அண்ணாச்சி. அதனாலதான் இருக்கதுலயே பெருசு கேக்குதேன். பெருசுதான் பத்திரம்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எல்லோரும் விழுவது. விழுந்து எழுந்தவர்கள் அடுத்த தடவை தலகாணியைத் தேடுவார்கள். நான் கோயம்புத்தூர் டீலரிடம் பேசி, அந்தப் பெரிய வண்டி ஒன்றும், முன்னால் நூற்றி எழுபது பின்னால் நூற்றி அறுபது உள்ள வண்டி ஒன்றும் மூன்று நாள் சோதனைக்கு வரவழைத்தேன். பெரியதில் அவர்களிடம் இருந்தது நடுத்தர அளவு மட்டும். இவள் ஐந்தடி இரண்டங்குலம்.

கடைக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கி. லாரிக்கு மூட்டை ஏற்றுகிற சரிவுப் பலகை இடுப்பு உயரத்துக்கு உண்டு. தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த மலை அதுதான். அதில் இரண்டு வண்டியிலும் பத்துப் பத்துத் தடவை இறங்கச் சொன்னேன். பெரிய வண்டியில் மெத்தையில் குதித்ததுபோல இறங்கினாள், முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அந்த வண்டி அவளுக்கு நீளம். கை விறைத்து நீண்டு, உடம்பு பின்னால் போய்விட்டது. கீழே வந்து சந்தில் திரும்பும்போது முன் சக்கரத்தில் பாரமே இல்லை, அது ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அளவு வழுக்கியது. மணலில் வழுக்கினால் சிராய்ப்பு, மலை வளைவில் வழுக்கினால் என்ன என்று அவளுக்கே தெரியும். நூற்றி எழுபது வண்டி அவளுக்கேற்ற சின்ன அளவில் வந்திருந்தது, அதில் அவள் நடுவில் நின்றாள். சக்கரம் சொன்ன இடத்துக்குப் போனது.

"மேல எப்படிப் போவ?" என்று கேட்டேன்.

"ஜீப்பு இருக்கு. ஆனா இடம் கொஞ்சம்தான். கிடைக்காதவுக தள்ளிக்கிட்டுப் போவாக."

"அந்தப் பெரிய வண்டியில உக்காந்து மிதிச்சு ஏறவே முடியாது. சீட்டு அவ்வளவு தாழ்வு. பாரமும் ஜாஸ்தி. நாலு கிலோமீட்டர் அதைத் தள்ளிட்டுப் போயி மேல நிக்கும்போது உன் காலு உன் பேச்சக் கேக்குமா? இதுல சீட்ட ஒசத்தி மிதிச்சே போயிரலாம், மேல போயி எறக்கிக்கிடலாம்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆசைப்பட்ட பண்டத்தைக் கடைக்காரனே கொடுக்க மாட்டேன் என்றால் யாருக்குத்தான் சுருங்காது? லூர்து அப்போது என்னிடம் கேட்டார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. கயிறு யாரு கையில?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். கடலுக்குள் குளிக்கிறவனுக்கு மேலே தோணியில் ஒருவன் கயிறும் காற்று ஓஸும் பிடித்திருப்பான். அது எப்போதும் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான், முத்துக்குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கீழே போனவன் வராவிட்டால் தாலி அறுப்பது தன் கூடப்பிறந்தவள் என்று தெரிந்தவன் கண்ணை எடுக்கமாட்டான்.

"நான் எறங்குனா எம் மச்சான் புடிச்சான். இவ மலையில எறங்குதா. வண்டிக்குப் பொறுப்பு யாரு?"

"நான்தான்" என்றேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். பிரின்ஸி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நூற்றி எழுபதையே எழுதச் சொன்னாள்.

வண்டி பச்சை நிறத்தில் வந்தது. அதை ஒரு முழு நாள் பூட்டினேன். அவளை ஹெல்மெட், முட்டிக் கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, வண்டிமேல் நிற்கவைத்து அளந்தேன். வெறும் ஆளாக அளந்தால் தப்பு, மலையில் அவள் வெறும் ஆளாக இறங்கப் போவதில்லை. ஃபோர்க் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆள் ஏறி நின்று மெதுவாக இறங்கினால், எவ்வளவு அமுங்கியது என்று அந்த வளையம் காட்டும். முன்னால் முப்பத்திநாலு மில்லிமீட்டர் வரும்வரை பம்பில் காற்றை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். பின்னால் ஷாக்கில் பதினெட்டு. ஒவ்வொரு போல்ட்டையும் அளவு ஸ்பானரில் முறுக்கி, வெள்ளை மையால் கோடு போட்டேன்.

கடைசியாக பிரேக். புது டிஸ்க்கையும் புது பேடையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும். துறைமுகச் சாலையில் வேகமாக ஓட்டிப் பிடித்து, ஓட்டிப் பிடித்து, இருபது தடவை. பிரமாதமாகப் பிடித்தது. ஆனாலும் அவளிடம் சொன்னேன்: "மலையில மொதல் நாளு கொஞ்சம் கத்தும். பிடிப்பும் கொஞ்சம் மந்தமாத் தெரியும். புது பிரேக் அப்படித்தான், பயப்படாத. நாலு எறக்கத்துல சரியாயிரும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் எடுக்க வந்தாள். வண்டியைப் பின்னறையிலிருந்து கடை முகப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன், நாலு பேர் பார்க்கட்டும் என்கிற பெருமைதான். முதலாளி, "ரெடியா சுப்பையா?" என்றார். "இந்தா ஆச்சு" என்றேன். அந்த 'இந்தா ஆச்சு'க்கும் வண்டி வெளியே போனதுக்கும் நடுவில் என்ன செய்தாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், ஒன்றும் செய்யவில்லை என்று பனிமய மாதா சந்நிதியிலேயே சத்தியம் செய்திருப்பேன். அவளும் கவிதாவும் வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணி. உப்பளத்துக்காரர் ஒருவரின் பழைய சைக்கிளுக்குச் செயின் மாற்றி முடித்தேன். கை தானாக ஆணிக்குப் போய்த் துணியை எடுத்து ஹேண்டில்பாரை இழுத்தது, கிராங்கை இழுத்தது, ரிம்மை இழுத்தது. மடிப்பை மாற்றுவதற்காகத் துணியைத் திருப்பினேன். உள் மடிப்பில் ஒரு வளைந்த சாம்பல் கோடு. கோட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

ஓட்டை ஓட்டையாக இருக்கிற வட்டத் தகடு ஒரு சைக்கிளில் டிஸ்க் பிரேக்கில் மட்டும்தான் உண்டு. பேட் தேய்ந்த சாம்பல் தூள் அதில்தான் இருக்கும். அந்த வாரம் கடை முகப்பில் நின்ற டிஸ்க் வண்டி ஒன்றே ஒன்று.

அதன் டிஸ்க்கை நானே எண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறேன். அடுத்த நொடி வந்தது அதைவிட மோசமான நினைப்பு. எண்ணெய் பட்ட பிரேக் கத்தும், மந்தமாகப் பிடிக்கும். எந்த ஓட்டுநரும் அதை வைத்தே சுதாரித்துக்கொள்வார். இவள் சுதாரிக்கமாட்டாள். கத்தினால் பயப்படாதே என்று சொல்லி அனுப்பியவன் நான்.

துணியோடு முதலாளி மேசைக்குப் போனேன். மறைக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடவில்லை என்று எழுத மாட்டேன். சொல்லிவிட்டேன்.

"அப்படியா" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மேசையில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

பயிற்சி இறக்கம் பதினோரு மணிக்கு. பிரின்ஸி போன் செத்துக் கிடந்தது. கவிதா போனும் அப்படியே. முதலாளி தோட்டத்துச் சுவர் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். என்னிடம் ரிசீவரைக் கொடுத்து, "நீ விடாம அடி. நான் லூர்து அண்ணனக் கூப்பிடுதேன்" என்றவர், கொஞ்சம் நின்று, "இல்ல. அவருக்கும் நீதான் சொல்லணும். கயிறு புடிச்சேன்னு சொன்னது நீ" என்றார்.

லூர்து போனில் முழுக்கக் கேட்டார். வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் கடை வாசலுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். பத்தேகால் மணிக்கு ஒருவர் எடுத்தார், தோட்டத்து எழுத்தர், எரிச்சலோடு.

"எல்லாரும் மேலே போயாச்சுங்க. இங்கே யாரும் இல்லை."

"பச்சை வண்டி. பிரின்ஸின்னு ஒரு பொண்ணு. அவ பிரேக் பிடிக்காது. எறங்கக் கூடாதுன்னு சொல்லணும். உயிர் போற விஷயம் ஐயா."

மறுமுனையில் குரல் மாறியது. "ஜீப்பில் போனவங்க இந்நேரம் மேலே இருப்பாங்க. அந்தப் பொண்ணு ஜீப்பா?"

"தெரியாது. மிதிச்சே ஏறுற வண்டி அது."

"அப்படின்னா இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கணும். வாட்ச்மேனை மோட்டார் சைக்கிளில் அனுப்பறேன். மேல் பாதை பாறை, அதில் அவர் நடந்துதான் போகணும். பார்ப்போம்."

அதன்பிறகு காத்திருந்தோம். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை மேசை நடுவில் வைத்தார். ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து சைக்கிள் மணி வேண்டும் என்றார், நாளைக்கு என்று அனுப்பினார். பதினொன்று அடித்தது. பதினொன்று பத்து. லூர்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒருதரம் போன் அடித்தது. டயர் டிரான்ஸ்போர்ட்டில் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். முதலாளி உடனே வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அடித்தது. லூர்து எழுந்துவிட்டார். முதலாளி என் பக்கம் தள்ளினார்.

"அண்ணாச்சி, நான் பிரின்ஸி."

ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினேன்.

"மேல போயிட்டேன் அண்ணாச்சி. சீட்ட எறக்கிட்டு வரிசையில நின்னேன், எனக்கு முன்ன ரெண்டே பேரு. வாட்ச்மேன் மூச்சு வாங்கிக்கிட்டு ஓடியாறாரு. வண்டிய உருட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்துட்டேன். காலையில ஓட்டிப் பாத்தப்பவே கத்துச்சு அண்ணாச்சி. பிடிப்பும் இல்ல. நீங்கதான் கத்தும், பயப்படாதன்னு சொன்னிய. அதனாலதான் நான் பயப்படல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை லூர்துவிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் அழுதேன்.

ஜீப்பில் ஏறுகிற அந்தப் பெரிய வண்டியைக் கொடுத்திருந்தால் அவள் அரைமணி முன்னால் மேலே இருந்திருப்பாள், வரிசையில் முதல் ஆளாக. நான் சரியாகத் தேர்ந்தெடுத்ததுதான் அவளைக் காப்பாற்றியது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்டதும் அதே ஆள்தானே.

எண்ணெய் குடித்த பேடைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். புது பேட் இரண்டு ஜோடி, புது டிஸ்க் இரண்டு, ஸ்பிரிட் பாட்டில் எடுத்துக்கொண்டு முதலாளியின் காரில் புறப்பட்டேன். லூர்துவும் ஏறினார். எட்டயபுரம் தாண்டினோம். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம் மச்சான் ஒருதரம் வெத்தல போட ஓஸ விட்டுட்டான். அது தோணி விளிம்புல மடங்கிட்டு. எனக்குக் கீழ காத்து நின்னு போச்சு. எப்படியோ மேல வந்துட்டேன். மிசினு கோளாறுன்னுதான் நெனச்சேன். அவனே அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாந்தான் விட்டேன்னு அவன் அக்காகிட்டயே சொன்னான்."

"பொறவு?"

"பொறவும் அவந்தான் புடிச்சான். வேற யாரு புடிப்பா?"

மாலை ஐந்து மணிக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். பிரின்ஸி வண்டியைக் காப்பி காயப்போடுகிற களத்தில் நிறுத்தியிருந்தாள். அலுவலகக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். வண்டியைத் தொடப் போனபோது அவள் குறுக்கே கை நீட்டினாள்.

"கையக் காட்டுங்க அண்ணாச்சி."

நீட்டினேன். குனிந்து இரண்டு உள்ளங்கையையும் மோந்து பார்த்தாள். அப்புறம் விலகி வழிவிட்டாள். டிஸ்க்கை மாற்றி, பேடை மாற்றி, களத்தில் இருபது தடவை நானே ஓட்டிப் பிடித்தேன். இந்தத் தடவை "பயப்படாதே" என்று சொல்லவில்லை. "கத்துனா நில்லு, எறங்கிரு, எனக்கு அடி" என்றேன்.

மறுநாள் காலை முதல் வளைவுக்குக் கீழே நானும் லூர்துவும் நின்றோம். மேலே விசில் கேட்டது. மரத்துக்கு நடுவே பச்சையாக ஒன்று விழுவதுபோல வந்தது. வளைவுக்கு முன்னால் அவள் விரல் லீவரில் மடங்குவதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் பிடித்தது, வண்டி தாழ்ந்து திரும்பியது, எங்களைத் தாண்டிக் கீழே போய்விட்டது. லூர்து என் தோளில் கை வைத்தார். எத்தனையாவது வந்தாள் என்று கேட்காதீர்கள், நான் பலகையைப் போய்ப் பார்க்கவில்லை.

முதலாளி இதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை கடை முகப்பில் எண்ணெய்த் துணி மாட்டுகிற ஆணிகள் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கித் தெருவோரம் கம்பத்தில் அடித்திருந்தார். இனி துணி வேண்டும் என்றால் எழுந்து வெளியே நடக்க வேண்டும். நடக்கும்போது மூளை வந்து சேர்ந்துகொள்ளும்.

பிரின்ஸி அதன்பிறகு வேறு யாரிடமும் வண்டியை விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்துவாள், என் கையை வாங்கி மோந்து பார்ப்பாள், பிறகுதான் என்ன கோளாறு என்று சொல்வாள். வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு ஒருநாளும் வெட்கமாக இருந்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று கடையில் மாலை போட்டார்கள். அவளும் வந்திருந்தாள். எல்லோரும் பேசி முடித்தபின் பக்கத்தில் வந்து கையைப் பிடித்து மோந்தாள். சந்தனமும் ரோஜாவும்தான் மணத்திருக்கும்.

"இனிமே யாரு கைய மோந்து பாப்பேன் அண்ணாச்சி?" என்றாள்.

கடைக்காரத் தம்பிகளே, நீங்கள் கேட்டது இதுதான். மூன்று கேள்வியும் சுவர் போனும் நோட்டில் இருக்கின்றன, திரையில் அவற்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை வண்டிக்கு அடுத்த மாதம் பேட் மாற்ற வேண்டும், அவள் வருவாள். கையைக் கழுவிவிட்டு நில்லுங்கள்.